கேள்வி–பதில்: ‘லாஸ்ட்’ தீவில் யார் எழுதிய விதி?

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 முதல் 2010 மே 23 வரை ஆறு சீசன்கள் ஓடிய மர்மத் தொடர் ‘லாஸ்ட்’. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிய ஓஷியானிக் 815 விமானம் தீவொன்றில் உடைந்து விழுகிறது. உயிர்தப்பியவர்கள் அங்கே வந்து சேர்ந்தது விதியா, தற்செயலா என்ற சண்டை கதைக்குள்ளும் ஓயவில்லை, பார்த்தவர்களிடமும் ஓயவில்லை. அது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கடைசி எபிசோட் வரை எல்லாமே பேசப்படுகிறது. தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

108 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்துகிறார்களே, அழுத்தாவிட்டால் நிஜமாகவே ஏதாவது ஆகுமா? இல்லை, எல்லாம் மனோதத்துவச் சோதனைதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஆகும். தொடரே அதைக் காட்டிவிட்டது. ‘ஸ்வான்’ என்ற நிலத்தடி நிலையத்துக்குக் கீழே ஏராளமான மின்காந்தச் சக்தி கிடக்கிறது. 1977-இல் தர்மா ஆராய்ச்சிக் குழு அங்கே துளை போட்டபோது அது பீறிட்டுக் கிளம்பியது. அன்று முதல் சக்தி சேர்ந்துகொண்டே போகிறது. குறித்த நேரத்துக்குள் அதை வடித்துவிடுவதுதான் பட்டனின் வேலை. டைமரில் நான்கு நிமிடம் மீதமிருக்கும்போது அலாரம் அடிக்கும். பழைய கணினியில் 4, 8, 15, 16, 23, 42 என்று தட்டி ‘எக்ஸிக்யூட்’ விசையை அழுத்தினால் டைமர் மறுபடி 108-க்குத் திரும்பும். ஆறு எண்களின் கூட்டுத்தொகையும் 108தான். நேரம் தவறினால் எண் பலகைகள் புரண்டு எகிப்தியச் சித்திர எழுத்துகள் வரும். இரும்புச் சாமான்கள் தானாக இழுபடும்.

குழப்பத்தைக் கிளப்புவது ‘பேர்ல்’ நிலையத்தில் கிடைக்கும் படம். ‘ஸ்வானில் இருப்பவர்கள்மீது நடப்பது வெறும் மனோதத்துவச் சோதனை, அவர்களைக் கண்காணித்து நோட்டில் எழுதுங்கள்’ என்கிறது அது. ஆனால் எழுதிய நோட்டுகளைக் குழாய் வழியே அனுப்பினால் அவை போய்ச் சேருமிடம் ஒரு புல்வெளி. யாருமே பிரிக்காமல் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஆக, சோதனை எலிகள் பேர்லில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

இங்கே விமானத்தில் வந்த லாக்கையும், அதற்கு முன்பிருந்தே ஸ்வானில் பட்டனை அழுத்திவந்த டெஸ்மண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படம் பார்த்ததும் பட்டனே தன் பிறவிப்பயன் என்று நம்பினார் லாக். இன்னொரு படம் பார்த்ததும் எல்லாம் பொய் என்று கணினியை உடைத்தார். டெஸ்மண்ட் செய்தது வேறு. பேர்லில் கிடைத்த அச்சுத் தாளில் ‘சிஸ்டம் ஃபெயிலியர்’ என்று பதிவான தேதியைப் பார்த்தார்: 2004 செப்டம்பர் 22. ஸ்வானில் கூட இருந்த கெல்வினோடு சண்டைபோட்டுவிட்டு, பட்டன் நேரத்தைத் தவறவிட்டுத் தான் ஓடிவந்த நாள் அது. விமானம் விழுந்த நாள் எது என்று லாக்கிடம் கேட்டார். இரண்டும் ஒரே நாள். விமானத்தை வீழ்த்தியது தான்தான் என்று புரிந்த பிறகே தற்காப்புச் சாவியைத் திருப்பப் போகிறார். விதி குறித்து இந்தத் தொடரில் யாராவது உருப்படியாக விசாரித்தார் என்றால் அது அந்த ஒரு தருணம்.

டெஸ்மண்ட் அத்தனை தடவை காப்பாற்றியும் சார்லி செத்துத்தானே போனார்? விதி ஜெயித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே?
– வாசகி, திருநெல்வேலி

ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கணக்கைப் பார்ப்போம். சாவியைத் திருப்பியதிலிருந்து டெஸ்மண்டுக்கு நடக்கப்போவது கண்முன் தெரிகிறது. விமானத்தில் வந்த இசைக்கலைஞர் சார்லிக்கு அவர் பார்த்த மரணங்கள்: சார்லி நேசிக்கும் கிளேரின் கூடாரத்தில் மின்னல், கடலில் மூழ்கும் கிளேரைக் காப்பாற்றப் போய் மூழ்குவது, பறவை பிடிக்கப் போய்ப் பாறையில் வழுக்குவது, காட்டில் கழுத்தில் அம்பு. நான்கும் தடுக்கப்பட்டன. ஐந்தாவது, தீவின் வெளியுலகத் தொடர்பைத் தடுத்துவைத்திருக்கும் ‘லுக்கிங் கிளாஸ்’ என்ற கடலடி நிலையம்.

முதல் நான்குக்கும் ஐந்தாவதுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவை சார்லிக்குத் தெரியாமல் வந்தவை. ஐந்தாவதை டெஸ்மண்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: நீ சுவிட்சைப் போட்டுவிட்டு மூழ்குவாய், அதன்பிறகு கிளேரும் குழந்தையும் ஹெலிகாப்டரில் ஏறுவார்கள். அதைக் கேட்டுத்தான் சார்லி போகிறார். போகாமல் இருந்திருக்கலாம், படகில் கிளம்பும்போது டெஸ்மண்டே தான் போவதாகச் சொல்கிறார், சார்லி துடுப்பால் அடித்து அவரை விழத்தாட்டிவிட்டுக் குதிக்கிறார். இதை விதியின் வெற்றி என்று எழுதுவது சார்லிக்குச் செய்கிற அநியாயம்.

அதைவிட முக்கியமான விஷயம், ரசிகர்களில் பாதிப்பேர் கவனிக்காதது: அந்தக் காட்சி கடைசிவரை பலிக்கவே இல்லை. நான்காம் சீசனில் கிளேர் காட்டுக்குள் போய்விடுகிறார். குழந்தை ஆரன், விமானத்தில் வந்த கேட் என்ற பெண்ணோடு போகிறது. கிளேர் தீவைவிட்டுக் கிளம்புவது கடைசி எபிசோடில், ஹெலிகாப்டரில் அல்ல, அஜிரா விமானத்தில். டெஸ்மண்ட் பார்த்தது தப்பா, சொன்னது பொய்யா, பின்னால் மாறியதா என்று தொடர் விளக்கவில்லை. எழுத்தாளர்கள் கோட்டைவிட்ட இடம் என்றே எங்களுக்குப் படுகிறது. ஆனால் அந்த ஓட்டையாலேயே சார்லியின் முடிவு இன்னும் கனமாகிவிடுகிறது என்பதும் உண்மை.

தண்ணீர் புகுந்த அறையின் கதவைச் சார்லி வெளியிலிருந்து மூடியிருக்கலாமே என்று வழக்கமாக எழும் சந்தேகத்துக்கு: மூடியிருக்கலாம். காட்சி அமைப்பில் அவசரம்.

‘பாதையைத் திருத்திக்கொள்ளும் பிரபஞ்சம்’ என்று அந்த நகைக்கடைப் பாட்டி சொல்வது நம்முடைய ஊழ்தானே?
– வாசகர், மயிலாடுதுறை

‘மற்றொன்று சூழினும் தான்முந் துறும்’ என்ற குறள் வரி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஊழுக்குப் பின்னால் வினைக்கணக்கு ஒன்று இருக்கிறது; செய்தது திரும்பி வருகிறது. டெஸ்மண்ட் மோதிரம் வாங்கப் போன கடையில் இருந்த அந்தப் பாட்டி, எலோயிஸ் ஹாக்கிங், சொல்லும் ஏற்பாட்டில் கணக்கே கிடையாது. சிவப்பு ஷூ போட்ட மனிதர்மேல் சாரம் சரிந்து விழுகிறது. இன்று தப்பினால் நாளை வேறு ஏதாவது என்கிறார். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? பதில் இல்லை.

சொல்கிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். டெஸ்மண்ட் மோதிரம் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டால் தீவுக்கு வரமாட்டார், சாவியைத் திருப்பமாட்டார். அவர் வந்தே ஆகவேண்டும் என்பது எலோயிஸுக்குத் தேவை. அவருக்கு இருப்பது ஞானதிருஷ்டி அல்ல. காலம் தாவி வந்த இயற்பியலாளர் ஃபாரடேயை 1977-இல் தன் கையால் சுட்டுக் கொன்றபோது, ஃபாரடேயின் டைரி அவர் கைக்கு வந்தது. அந்த ஃபாரடே அவருக்குப் பின்னால் பிறக்கப்போகும் மகன். நடக்கப்போவதை எழுத்தில் படித்தவர், அதைப் பிரபஞ்ச நியதி என்று சொல்லி விற்கிறார்.

சயித் 1977-க்குப் போய்ச் சிறுவன் பென்னைச் சுடுகிறார். பென் சாகவில்லை. கடந்த காலத்தை மாற்றவே முடியாது என்பதற்குத் தொடரில் வேறு ஆதாரம் உண்டா?
– வாசகர், கோலாலம்பூர்

நிறைய உண்டு. ஐந்தாம் சீசனில் விமானத்தில் வந்தவர்களில் சிலர் 1977-க்குத் தள்ளப்படுகிறார்கள்; தீவுவாசிகளின் தலைவனாக வளரப்போகும் பென் அப்போது சிறுவன். சயித் சுட்டதோடு அது நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மருத்துவரான ஜாக் அறுவைசிகிச்சை செய்ய மறுக்கிறார். கேட், சாயர் இருவரும் பையனைத் தீவுவாசிகளில் ஒருவரான, வயதே ஆகாத ரிச்சர்டிடம் தூக்கிப் போகிறார்கள். ‘இவன் பிழைப்பான், நடந்தது மறந்துபோகும், ஆனால் இவனுடைய களங்கமின்மை போய்விடும், இனி எங்களில் ஒருவனாகவே இருப்பான்’ என்கிறார் ரிச்சர்ட். எந்தப் பென்னை ஒழிக்கச் சயித் துப்பாக்கியைத் தூக்கினாரோ, அந்தப் பென்னை உருவாக்கியதில் அந்தக் குண்டுக்கும் மறுத்த ஜாக்குக்கும் பங்கு இருக்கிறது.

இதே சீசனில் ஹர்லி தன் கை மறைகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வார். கடந்த காலம் மாறினால் தாங்கள் இல்லாமல் போவோம் என்ற சினிமாப் பாடம். மைல்ஸ் பொறுமையாக விளக்கியும் புரியாமல், ‘அப்படியானால் பெரியவனான பிறகு பென்னுக்குத் தன்னைச் சுட்டது சயித் என்று ஏன் ஞாபகமில்லை?’ என்று ஹர்லி திருப்பிக் கேட்பார். மைல்ஸிடம் பதில் இருக்காது. ரிச்சர்டின் ‘மறந்துபோகும்’ அந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்ட வசனம். கொஞ்சம் ஒட்டுப்போட்டது மாதிரித்தான் தெரிகிறது.

நேர்த்தியான ஆதாரம் வேண்டுமென்றால் தர்மா குழுவின் டாக்டர் சாங்கின் கையைப் பாருங்கள். இரண்டாம் சீசனின் மூன்றாம் எபிசோடில், 2005-இல் ஒளிபரப்பானது, ஸ்வான் அறிமுகப் படத்தில் அவருடைய ஒரு கை அசையாது. செயற்கைக் கை போலிருக்கும். 2009-இல் ஐந்தாம் சீசன் முடிவில், 1977 விபத்தின்போது அந்தக் கை இரும்புக்கு அடியில் நசுங்குவதைக் காட்டினார்கள். நான்கு வருடம் கழித்து வந்த பதில்.

மோசமான ஆதாரம் திசைகாட்டி. 2007-இல் ரிச்சர்ட் அதை லாக்கிடம் தருகிறார். லாக் 1954-க்குப் போய் ரிச்சர்டிடமே தருகிறார். ரிச்சர்ட் அதை 53 வருடம் பத்திரமாக வைத்திருந்து மறுபடி லாக்கிடம் தருகிறார். அப்படியென்றால் அதைச் செய்தவர் யார்? ஒவ்வொரு சுற்றிலும் அது 53 வருடம் பழசாக வேண்டுமே, ஏன் துருப்பிடித்து உதிரவில்லை? தகவல் சுற்றி வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பொருள் சுற்றி வந்தால் தேய்மானம் கேள்வியாகிவிடும். காலப்பயணக் கதை எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

ஹைட்ரஜன் குண்டு வேலை செய்ததா, இல்லையா? ‘அது பலித்தது’ என்று ஜூலியட் சொன்னதாக மைல்ஸ் சொல்கிறாரே?
– வாசகி, சேலம்

ஃபாரடே ஐந்தாம் சீசனின் பாதி வரை ‘நடந்தது நடந்ததுதான்’ என்று பாடம் எடுத்தவர். பிறகு திரும்பி வந்து, ‘சமன்பாட்டில் மாறாத எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாறும் எண்களாகிய மனிதர்களை மறந்துவிட்டேன்’ என்கிறார். துளை போடும் இடத்தில் குண்டை வெடித்தால் விபத்தே நடக்காது, ஸ்வான் இருக்காது, விமானம் விழாது என்பது திட்டம். சொல்லி முடித்த சற்று நேரத்தில் தாய் கையாலேயே சாகிறார்.

ஆறாம் சீசனில் விமானம் பத்திரமாக லாஸ் ஏஞ்சலஸில் இறங்கும் இணைக்கதை வந்ததும் எல்லோரும் குண்டு பலித்துவிட்டது என்று நினைத்தோம். கடைசி எபிசோடில் அந்த இணைக்கதை சாவுக்குப் பிந்தைய சந்திப்பு இடம் என்று தெரிகிறது. குண்டை வெடிக்கவைத்து இறந்த ஜூலியட்டின் கடைசி எண்ணமாக, செத்தவர்களின் நினைவைக் கேட்கும் மைல்ஸ் சொன்ன ‘அது பலித்தது’ என்பதும் குண்டைப் பற்றியதல்ல; அந்த இன்னொரு இடத்தில், சிக்கிக்கொண்ட மிட்டாய் விழ விற்பனை இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்லித் தன் காதலன் சாயரிடம் பேசும் வசனத்தின் துண்டு. ஒரு சீசன் முழுக்க எங்களை ஏமாற்றிய இந்தத் தந்திரத்துக்குக் கோபப்படுவதா கைதட்டுவதா என்பதில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பான இருவருக்குள் இன்னும் உடன்பாடில்லை.

குண்டு மாற்றியது ஒன்றுமில்லை. ‘விபத்து’ என்று தர்மா படத்தில் சொல்லப்பட்டதன் ஒரு பகுதி அந்தக் குண்டு என்று எடுத்துக்கொள்வதே பொருந்துகிறது. பட்டன் தேவைப்படாமல் செய்யப் போனவர்கள் பட்டன் உருவாகக் காரணமானார்கள்.

‘எல்லோரும் விமானம் விழுந்தபோதே செத்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் இதே பதில். நடந்தது எல்லாம் நிஜம், சிலர் உனக்கு முன்னால் செத்தார்கள், சிலர் உனக்குப் பிறகு வெகுகாலம் கழித்து என்று தேவாலயத்தில் ஜாக்கின் அப்பா தெளிவாகவே சொல்கிறார். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஆளில்லாத கரையில் விமானச் சிதறல்களைக் காட்டியது ஏபிசி சேர்த்த வேலை, கதையின் பகுதியல்ல.

லாக் உண்மையிலேயே விசேஷப் பிறவியா? சக்கர நாற்காலியில் வந்தவரை நடக்க வைத்த தீவு, அவரை ஏன் அப்படிச் சாகவிட்டது?
– வாசகர், யாழ்ப்பாணம்

வந்த கேள்விகளிலேயே இதுதான் நல்ல கேள்வி. தொடரின் மையமும் இதுதான். லாக்கின் ‘விதி’யைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் யார் வாயிலிருந்து வந்தது என்று பார்த்தால் கதை தலைகீழாகிவிடும்.

1956-இல் குறைமாதக் குழந்தையாகப் பிறந்த லாக்கை ரிச்சர்ட் மருத்துவமனைக்கு வந்து பார்க்கிறார். ஏன் வந்தார்? 1954-இல் காலம் தாவி வந்த லாக்கே, ‘நான் உங்கள் தலைவன், இரண்டு வருடம் கழித்து நான் பிறக்கும்போது வந்து பாருங்கள்’ என்று சொன்னதால். பிறகு சிறுவன் லாக்கின் முன்னால் பேஸ்பால் கையுறை, பழைய புத்தகம், மணல் நிரம்பிய குப்பி, திசைகாட்டி, காமிக்ஸ், கத்தி எல்லாம் வைத்து, ‘இதில் ஏற்கெனவே உன்னுடையது எது?’ என்று கேட்கிறார். பையன் கத்தியை எடுக்கிறான். ரிச்சர்ட் முகம் சுளித்துக் கிளம்பிவிடுகிறார். தேர்வில் லாக் தோற்றுவிட்டார் என்பதுதான் இதற்கு நேரான அர்த்தம்.

அடுத்து, ‘எல்லோரையும் தீவுக்குத் திரும்ப அழைத்து வர வேண்டும், அதற்கு நீ சாகவேண்டும்’ என்ற கட்டளை. காலில் குண்டு பாய்ந்து கிடக்கும் லாக்கிடம் ரிச்சர்ட் இதைச் சொல்கிறார். ரிச்சர்டுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? 2007-இல் லாக்கின் உருவத்தில் நடமாடிய கறுப்பு உடைக்காரன். தீவின் காவல்காரரான ஜேக்கப்பின் எதிரி அவன்; ஆனால் அவரை அவனால் நேரடியாகக் கொல்ல முடியாது. அதற்கு ஒரு பிணமும் ஒரு கொலையாளியும் வேண்டும். பிணம் லாக். கொலையாளி பென்.

வாழ்நாள் முழுக்க ‘என்னால் முடியாது என்று சொல்லாதே’ என்று கத்திய மனிதர், ‘நீ விசேஷமானவன்’ என்று யார் சொன்னாலும் நம்பினார். சிறுநீரகத்தைத் திருடிய அப்பன் முதல் எதிரி வரை அதே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விடுதி அறையில் கழுத்து நெரிபடும்போது அவர் கடைசியாக நினைத்தது ‘எனக்குப் புரியவில்லை’ என்பது. அதைப் பென்னிடம் சொல்பவனும் அந்தக் கறுப்பு உடைக்காரனே.

கால் குணமானது மட்டும் தீவின் வேலை. அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை; சொல்லாமல் விட்டது நல்லது.

லாக், ஹியூம், ரூசோ என்று தத்துவஞானிகளின் பெயர்களை வைத்தது வெறும் அலங்காரமா?
– வாசகி, புதுச்சேரி

பல பெயர்கள் அலங்காரம்தான். இரண்டு பொருந்துகின்றன. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் லாக் ஒரு உதாரணம் சொன்னார்: தூங்கும் ஒருவரைத் தூக்கிப்போய், அவர் சந்திக்க ஏங்கிய ஆள் இருக்கும் அறையில் போட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். விழித்தவர் சந்தோஷமாக அங்கேயே உட்கார்ந்து பேசுகிறார். அவர் இருப்பது சொந்த விருப்பத்தில்தான். ஆனால் வெளியேறும் சுதந்திரம் அவருக்கு இல்லை, அதை அவர் உணரவும் இல்லை. தீவில் தங்கப் பிடிவாதம் பிடிக்கும் தொடரின் லாக்குக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது.

18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், எல்லாவற்றுக்கும் காரணம் இருப்பதும் மனிதன் சுதந்திரமாக இருப்பதும் ஒன்றோடொன்று மோதவில்லை என்றார். தன் விருப்பப்படி செய்யவோ செய்யாதிருக்கவோ முடிந்தால் அதுவே சுதந்திரம். டெஸ்மண்ட் ஹியூம் காதலி பெனியின் தொலைபேசி எண்ணை 1996-இல் கெஞ்சி வாங்கி, எட்டு வருடம் கூப்பிடாமல் இருந்து, 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூப்பிடுகிறார். நடந்தது எதுவும் மாறவில்லை. ஆனாலும் அவர் காப்பாற்றப்பட்டது அவர் செய்த செயலால்.

ஜேக்கப் எல்லோருக்கும் ‘தேர்வுச் சுதந்திரம்’ கொடுத்ததாகச் சொல்கிறாரே, நம்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பாதி. அவருக்குத் தன் வாழ்க்கையில் அது கிடைக்கவில்லை. வளர்த்த தாய் கிண்ணத்தை நீட்டிக் குடிக்கவைத்துக் காவல்காரனாக்கினாள். அதனால் தன் வாரிசை நியமிக்காமல் ‘யாருக்கு விருப்பம்?’ என்று கேட்கிறார், ஜாக் முன்வருகிறார். வாரிசு வேட்பாளர்களின் பெயர்கள் எழுதப்பட்ட குகையில் தன் பெயர் ஏன் அடிக்கப்பட்டது என்று கேட் கேட்டதற்கு, ‘நீ தாயாகிவிட்டாய், அதனால். ஆனால் அது வெறும் சுண்ணாம்புக்கோடு. வேண்டுமானால் வேலை உனக்குத்தான்’ என்கிறார். தொடரில் விதி பற்றி வந்த வசனங்களில் எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

மறுபாதி: இவர்களையெல்லாம் வெவ்வேறு வயதில் தேடிப்போய்த் தொட்டு, தீவை நோக்கித் தள்ளியதும் அவரே. பூட்டிய அறைக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு, எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்பதைச் சுதந்திரம் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பென் கத்தியோடு நிற்கும்போதும் ‘உனக்குத் தேர்வு இருக்கிறது’ என்கிறார். ‘அப்போ நான்?’ என்று பென் கேட்டதும், ‘உனக்கென்ன?’ என்று பதில். 35 வருடம் காத்திருந்தவனிடம் அப்படிப் பேசினால் கத்தி எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கத் தீர்க்கதரிசி வேண்டாம்.

நீர்மூழ்கிக் காட்சியை மறுபடி பாருங்கள். கறுப்பு உடைக்காரனால் வேட்பாளர்களைக் கொல்ல முடியாது. அதனால் டைமர் குண்டைப் பையில் வைத்துவிடுகிறான். தொடாமல் விட்டால் வெடிக்காது என்கிறார் ஜாக். நம்பாத சாயர் கம்பியைப் பிடுங்குகிறார். டைமர் வேகமாக ஓடுகிறது. சயித், சன், ஜின் மூவரும் சாகிறார்கள். விதியின் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. கெடுத்தது ஒருவரையொருவர் நம்பாதது.

ஹர்லியின் லாட்டரி எண்களை நிஜத்தில் யாராவது வாங்கிப் பார்த்தார்களா?
– வாசகர், ஈரோடு

பட்டனுக்குத் தட்டும் அதே ஆறு எண்களை வைத்துத்தான் ஹர்லி கதையில் லாட்டரி வென்று, சாபம் பிடித்துவிட்டதாக நம்புவார். நிஜத்தில் வாங்கிப் பார்த்தவர்கள் ஏராளம். 2011 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மெகா மில்லியன்ஸ் குலுக்கலில் 4, 8, 15, 25, 47 என்று விழுந்து, மெகா எண் 42 ஆக வந்தது. ஹர்லியின் ஆறில் நான்கு. அதை வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் கிடைத்தது 150 டாலர். சாபம் தொடர்ந்ததாகத் தகவல் இல்லை.

‘டார்க்’ தொடரும் இதைத்தானே சொல்கிறது? எது சிறந்தது?
– வாசகி, சென்னை

விதியைக் கடிகாரம்போல் ஓடவைத்ததில் ஜெர்மன் தொடரான ‘டார்க்’ ஒரு படி மேல். 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட். 33 வருடச் சுழற்சியில் 1953, 1986, 2019. உல்ரிச் 1953-இல் சிறுவன் ஹெல்கேயைக் கல்லால் தாக்குவதும் சயித் பென்னைச் சுடுவதும் ஒரே அச்சு. இரண்டு தொடரிலும் தற்கொலைக்கு முயல்கிறவரின் துப்பாக்கி வெடிக்காது: இங்கே மைக்கேல், அங்கே யோனாஸ். ஆனால் ‘டார்க்’கில் ஒருவருக்கும் தப்பிக்க வழியே வைக்காமல் கட்டிவிட்டு, கடைசியில் மூன்றாவது உலகம் ஒன்றைக் காட்டி முடிச்சை அவிழ்த்தார்கள். ‘லாஸ்ட்’ கணக்கில் சொதப்பும், மனிதர்களில் ஜெயிக்கும்.

எட்டு எபிசோட் வெப் சீரிஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு ஒரு ஜோசியம் சொல்லப்படுகிறது. அது பலிக்குமா என்பதுதான் மர்மம். ‘லாஸ்ட்’டிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?
– வாசகர், மதுரை

முதலில் முடிவை எழுதுங்கள். ‘லாஸ்ட்’ மூன்றாம் சீசனின் முற்பகுதியில் ஜாக்கின் பச்சை குத்தல் வரலாறெல்லாம் வந்து தள்ளாடியதற்குக் காரணம், தொடர் எப்போது முடியும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாதது. 2007 மே மாதம் இன்னும் 48 எபிசோட், 2010-இல் முடிவு என்று ஏபிசி அறிவித்தது. அதன்பிறகு வந்த நான்காம் சீசனின் இறுக்கத்தை முந்தியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அது 14 எபிசோடாகச் சுருங்கியும் கெடவில்லை.

இரண்டாவது, உங்கள் கதையின் சட்டத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ‘ஜோசியம் பலிக்கும், ஆனால் நினைத்த அர்த்தத்தில் அல்ல’ என்பதுபோல. நடுவில் மாற்றாதீர்கள். கடந்த காலம் மாறாது என்ற சட்டத்தோடு, டெஸ்மண்டுக்கு மட்டும் சட்டம் பொருந்தாது என்ற விதிவிலக்கையும் வைத்து ‘லாஸ்ட்’ பட்ட பாடு போதும்.

ஒவ்வொரு முன்னறிவிப்புக்கும் நான்கு கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன வார்த்தைகள் அப்படியே, சொன்னவர், அவருக்கு அது எப்படித் தெரியும், நாயகி நம்பினால் அவருக்கு என்ன லாபம். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காட்சி செத்த காட்சி. எட்டு எபிசோடுக்கு இரண்டு முன்னறிவிப்புக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்ததும் பார்வையாளர் பயப்படுவதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பிப்பார்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: ஜோசியக் காட்சியை வெட்டிவிட்டுத் திரைக்கதையைப் படியுங்கள். நாயகி அப்போதும் அதையேதான் செய்வாள் என்றால் ஜோசியம் வெறும் தோரணம். அவள் வேறு மாதிரி நடந்திருப்பாள் என்றால் சரியான இடத்தில் இருக்கிறது.

கடைசியாக, நடிகர்களின் தேதி. சில எபிசோடுகளுக்கு மட்டும் என்று அழைக்கப்பட்ட மைக்கேல் எமர்சன் பென்னாக நிலைத்துவிட்டார். எகோவாக நடித்தவர் விலக விரும்பியதால் மூன்றாம் சீசன் தொடக்கத்திலேயே அந்தப் பாத்திரம் செத்தது. கதைக்குள் சில வாரங்களே ஓடியபோது சிறுவன் வால்ட்டாக நடித்தவர் மளமளவென்று வளர்ந்துவிட்டதால் ‘விசேஷக் குழந்தை’ என்று ஆரம்பித்த இழை அறுந்தது. குழந்தை நடிகர்மேல் ஜோசியத்தை ஏற்றினால் எல்லாக் காட்சியையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள்.

121 எபிசோடும் பார்க்க நேரமில்லை. விதி இழையை மட்டும் பிடித்துக்கொண்டு பார்க்க முடியுமா?
– வாசகி, திருச்சி

முடியும், குழப்பத்துக்குத் தயாராக இருந்தால். முதல் சீசனில் 4, 18. இரண்டாவதில் 1, 3, 21, 23, 24. மூன்றாவதில் 8, 17, 22, 23. நான்காவதில் 5, 11. ஐந்தாவதில் 1, 3, 7, 10, 11, 14 முதல் 17 வரை. ஆறாவதில் 4, 9, 14 முதல் கடைசி வரை. இரட்டை எபிசோடுகளைச் சில தளங்கள் ஒன்றாகச் சேர்த்திருக்கும். அங்கே அந்தச் சீசனில் அதற்குப் பிந்தைய எண்கள் ஒன்று குறையும். நான்காம் சீசனின் 5-ஐத் தனியாகப் பார்த்தாலே புரியும் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், மூன்றின் 8-ஐப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.